பேறுபார்க்கப் போன கண்டக்டர்

கேரள எல்லையில் உள்ள பாறசாலை சந்திப்பில் ஷாலு வைத்திருந்த கடையில் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம், விமான டிக்கெட் எல்லாம் ஒரே மேஜையில் நடக்கும். தாசையன் உள்ளே வந்தபோது அவள் கம்ப்யூட்டரில் யாருடைய பென்ஷன் விண்ணப்பத்தையோ நிரப்பிக்கொண்டிருந்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்து வாசித்தார்.

"பதினோராயிரத்து நூத்திப் பதினஞ்சு கிலோமீட்டர். பதினாலு மணிக்கூர். திருவனந்தபுரத்திலேருந்து கிறைஸ்ட்சர்ச் வரைக்கும் உள்ள கணக்காக்கும். போன்ல பாத்து எழுதினேன். சரிதானா பிள்ளே?"

"நியூசிலாந்தா மாமா? அது மேப்பில கோடு போட்டு அளந்த தூரம். அந்த வழியா நேரே பிளைன் கெடயாது. சிங்கப்பூர்ல எறங்கி வேற பிளைன் ஏறணும்."

"டைரக்ட் சர்வீஸ் இல்ல."

"இல்ல. காத்திருக்க நேரமும் சேத்து பதினேழே கால் மணிக்கூர் ஆவும்."

தாசையன் தலையாட்டினார். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். அவருடைய ரூட்டில் பாறசாலையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டுக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம், திங்கட்கிழமை பாலராமபுரத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரமும் போதாது. தூரம் வேறு, போய்ச்சேரும் நேரம் வேறு என்பதை அவருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

"ஆரு போறா மாமா?"

"நானாக்கும்."

"சுத்திப்பாக்கவா?"

"இல்ல மக்கா. எப்சிக்குப் பேறுபாக்க."

விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்த ஷாலுவின் விரல்கள் நின்றன. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

எப்சி அவருடைய ஒரே மகள். கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். கணவன் சஜன் மார்த்தாண்டத்துக்காரன். அங்கே குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வேலை. முதல் பிள்ளைக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. உதவிக்குப் போவதாக இருந்த சஜனின் அம்மாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் முடிந்து, ஆறு மாதம் நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எப்சியின் அம்மா ஜெபகுமாரி இறந்து எட்டு வருஷம் ஆகிறது.

"சாரமில்ல அப்பா, நாங்க ரெண்டுபேரும் பாத்துக்கிடுவோம்" என்று எப்சி போனில் சொன்னாள்.

"நான் வரட்டா?"

"நீங்க வந்து என்ன செய்விய அப்பா?"

குத்திக்காட்ட அவள் அதைக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள். சரி மக்கா, வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு, போனை அடுக்களை மேடையில் வைத்து மீன்சட்டியைப் பார்க்கத் திரும்பினார். போன் துண்டிக்கப்படவில்லை. அந்தப் பக்கத்தில் அவளும் துண்டிக்கவில்லை. "அம்மா உண்டுன்னா இப்ப பெட்டி கெட்டித் தொடங்கியிருப்பா" என்று எப்சி சஜனிடம் சொல்வது கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். தாசையன் கரண்டியும் கையுமாக நின்றார். ஒட்டுக்கேட்பதுபோல் இருந்ததால் எட்டி போனை அணைத்தார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

மறுநாள்தான் ஷாலுவின் கடைக்குப் போனார்.

விசா வர ஐந்து வாரம் ஆனது. அதற்குள் அவர் பக்கத்து வீட்டு ரத்னபாயிடம் போய் விஷயத்தைச் சொன்னார். ரத்னபாய் நெய்யாற்றின்கரையில் ஓர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் இருபத்தாறு வருஷம் அட்டெண்டராக இருந்தவள். அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு தடியங்காயைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த வெள்ளைப் பூசணி மூன்று கிலோ இருக்கும். அதன்மேல் தேங்காயெண்ணெயைத் தாராளமாகப் பூசினாள்.

"பலகை போட்டு இருங்க அண்ணே. காலை நீட்டுங்க. இதாக்கும் பிள்ள. கழுத்துக்கு ஒரு கை எப்பவும் வேணும். மத்தக் கையால வெள்ளம் ஊத்தணும்."

"இதுக்குக் கழுத்து எங்க?"

"காம்பு இருக்க பக்கம்."

முதல் நாள் தடியங்காய் வழுக்கி விழுந்து இரண்டாகப் பிளந்தது. ரத்னபாய் அதை எடுத்துக்கொண்டுபோய் மோர்க்கறி வைத்தாள். அவர் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்தது. இரண்டாவது காய் மூன்று வாரம் தாங்கியது. பிள்ளையைக் குளிப்பாட்டுவது, துணி சுற்றுவது, ஏப்பம் வர முதுகில் தட்டுவது, தாய்க்குத் தன்வந்தரம் குழம்பு என்ற மருந்தெண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவது, வயிற்றில் துணி கட்டுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள். தேய்த்துக் குளிப்பாட்டுவது வந்தபோது தாசையன் தரையைப் பார்த்தார்.

"அவ அதுக்குச் சம்மதிக்கமாட்டா ரத்னம்."

"சம்மதிக்கண்டாம். முதுகும் காலும் மட்டும் போதும். மத்தத அவளே பாத்துக்கிடுவா. வெள்ளம் சூடா இருக்கணும், அது உங்க பொறுப்பு."

விஷயம் சபையில் பரவியது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது சுந்தரதாஸ் அவரைப் பிடித்துக்கொண்டார். பன்னிரண்டு வருஷம் தாசையனுடைய பஸ்ஸை ஓட்டிய டிரைவர்.

"எலே தாசையா, ஆம்பள நீ போய் என்னத்தப் பாக்கப்போற?"

"நீ மின்னே பாத்து வண்டி ஓட்டினே. பின்னால எத்தன நெறமாசக்காரிகளுக்கு நான் சீட்டு ஒழிச்சுக் குடுத்து, கைபிடிச்சு எறக்கி விட்டிருக்கேன்னு உனக்குத் தெரியுமாலே?"

சுந்தரதாஸ் அவருடைய தோளில் கைபோட்டார். "ஏர்ப்போர்ட்டுக்கு நான் கொண்டுவிடுதேன்" என்றார்.

விசா கையில் வந்த பிறகுதான் எப்சியிடம் சொன்னார்.

"அப்பா, எனக்கு வெக்கமா இருக்கும்."

"எனக்கும் உண்டு மக்கா. பாதி நீ எடு, பாதி நான் எடுக்குதேன்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாள். டாக்டர் குறித்த தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் டிக்கெட் போட்டிருப்பதாகச் சொன்னார்.

அவ்வளவு முன்கூட்டியே எதற்கு என்று ஷாலு கேட்டிருந்தாள். அவளிடம் அவர் காரணம் சொல்லவில்லை. ஜெபகுமாரி முற்றத்தில் துணி காயப்போடும்போது மயங்கி விழுந்த அன்று, அவருடைய பஸ் கரமனைப் பாலத்துக்கு அப்புறம் நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. போன் டிக்கெட் பையின் அடியில் கிடந்தது. ரத்னபாய்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அவர் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் பிந்திவிட்டது. வெறும் இருபது கிலோமீட்டர்.

ஜூலை மாதம் ஒரு புதன்கிழமை காலையில் சுந்தரதாஸ் அவரை விமான நிலையத்தில் இறக்கிவிட்டார். பெட்டியில் ரத்னபாய் கிளறிக் கொடுத்த உள்ளி லேகியம் ஒரு டப்பா, வேதுகுளிக்கு வெந்நீரில் போட உலர்த்திய இலைகள், இரண்டு குப்பி தன்வந்தரம் குழம்பு, எப்சிக்கு இரண்டு பாலராமபுரம் கைத்தறி முண்டு. அவர் பழைய கம்பளிச் சட்டை ஒன்றைப் போட்டிருந்தார். பத்து மணிக்கு விமானம் நகர்ந்தது. யாரும் மணி அடிக்காமல் வண்டி கிளம்பியது அவருக்கு என்னவோபோல் இருந்தது.

சிங்கப்பூரில் இறங்கியபோது அங்கே மாலை ஐந்து மணி. ஷாலு எழுதித் தந்த குறிப்பை வைத்து அடுத்த விமானத்தின் வாசலைக் கண்டுபிடித்து, நாற்காலியில் உட்கார்ந்து, போனில் வைஃபையை இணைத்தார். இணைந்ததும் சஜனிடமிருந்து ஏழு அழைப்புகள் வந்திருந்தது தெரிந்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டார்.

"மாமா, பயப்படாதீங்க. வலி தொடங்கியாச்சு. ஆஸ்பத்திரில இருக்கோம். இன்னும் நேரம் ஆவும்னு சொல்லுதாங்க."

"பன்னிரண்டு நாள் இருக்கே!"

"இருக்கு மாமா. ஆனா பிள்ளைக்கு அது தெரியாதே."

எப்சி போனை வாங்கினாள். திரையில் அவள் முகம் வியர்த்து, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பின்னால் ஜன்னலில் இருட்டு; அங்கே மணி ஒன்பது தாண்டிவிட்டது.

"எங்க இருக்கிய அப்பா?"

"சிங்கப்பூர் வந்தாச்சு மக்கா. எட்டு மணிக்கு அடுத்த பிளைன். காலைல அங்க நிப்பேன்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். முகம் சுருங்கியது. வலி வந்துவிட்டது. சஜன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். பதினோராயிரம் கிலோமீட்டரில் மூவாயிரத்தைத்தான் அவர் கடந்திருந்தார். கையை நீட்டினாலும் தொடமுடியாது. வலி விட்டதும் அவள் மூச்சு வாங்கினாள்.

"அப்பா, அடுத்தது வரும்போ எதாவது பேசிட்டே இருங்க. வேற எங்கயாவது என் நெனப்பு போணும்."

"ஜெபம் பண்ணட்டா?"

"அதச் சஜன் பண்ணிட்டுதான் இருக்காரு. வேற என்னவாவது."

தாசையன் யோசித்தார். கதை சொல்லிப் பழக்கமில்லை. பாட்டு வராது. மூன்று நிமிஷத்தில் மறுபடி வந்துவிட்டது. "அப்பா" என்று அவள் பல்லைக் கடித்தாள். அவருக்கு வாயில் வந்தது ஒன்றுதான்.

"பாறசாலை" என்றார், பஸ்ஸின் முன்படியில் நின்று கூவும் அதே குரலில். "பாறசாலை போட்டே, ரைட். கொற்றாமம். கொற்றாமம் ஆளிறங்கானுண்டோ? உதியன்குளங்கரை. ஏறினவங்க உள்ளே போங்க, உள்ளே போங்க. அமரவிளை. பாலம் வருது மக்கா, ஆறு தெரியுது. நெய்யாற்றின்கரை ஸ்டாண்டு…"

எப்சியின் கண் மூடியிருந்தது. உதடு மட்டும் அசைந்தது. நர்சிங் படிக்கும்போது மூன்று வருஷம் அவள் அந்த பஸ்ஸில்தான் போனாள். தோழிகள் முன்னால் அவரைத் தெரியாததுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு பாஸை நீட்டுவாள். அவரும் முகம் மாறாமல் பார்த்துத் திருப்பிக் கொடுப்பார். இறங்கும்போது மட்டும், யாருக்கும் கேட்காமல், "அப்பா வாறேன்" என்பாள்.

"ஆறாலுமூடு" என்றார் தாசையன். "பாலராமபுரம்."

"விட்டுது" என்றாள் எப்சி. "பாலராமபுரத்தில விட்டுது அப்பா."

பக்கத்து நாற்காலியில் இருந்த சீனத்துப் பெண்மணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போனைச் சற்றுத் திருப்பி, "டாட்டர். பேபி கமிங்" என்றார். அவள் வாயில் கைவைத்தாள். பிறகு எழுந்துபோய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிவந்து அவருடைய நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் தாசையன் பாறசாலையிலிருந்து எத்தனை தடவை கிளம்பினார் என்று எண்ணவில்லை. சில வலிகள் பாலராமபுரம் தாண்டி நேமம் வரை நீண்டன. ஒன்று தம்பானூர் போய்ச் சேர்ந்த பிறகும் விடாமல், அவர் திரும்பி வரும் வழியையும் சொல்லவேண்டியிருந்தது. வாசலில் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். வரிசை தீர்ந்தது. கடைசி ஆளாக அவரைக் கூப்பிட்டார்கள்.

"மக்கா, நான் ஏறணும். ஏறினா பேசமுடியாது."

"எத்தன மணிக்கூர்?"

"பத்து."

அவள் தலையை அசைத்தாள். "ஏறுங்க. பிந்தண்டாம்."

விமானத்தில் முன்சீட்டின் முதுகில் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் கடலும் ஒரு விமானமும், பாக்கி இருக்கும் தூரமும். எண்ணாயிரத்து முன்னூறு என்றிருந்தது. அவர் சாப்பிடவில்லை, வேறு படம் போடவில்லை. அந்த எண் குறைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாயிரம் ஆனபோது, இப்போது கரமனைப் பாலம் மாதிரி எதுவும் குறுக்கே இல்லை, வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நாலாயிரத்தில், ஜெபகுமாரிக்கு எப்சி பிறந்தபோதும் தாம் டியூட்டியில்தான் இருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளுக்கு வலித்தது எவ்வளவு நேரம் என்றுகூட அவர் கேட்டதில்லை. விளக்கை அணைத்த அந்த விமானத்தில், அவர் முதல்முறையாக மனைவியிடம் அதற்கு மன்னிப்புக் கேட்டார்.

கிறைஸ்ட்சர்ச்சில் ஒன்பதே முக்காலுக்கு இறங்கினார். ஷாலு சொல்லித் தந்தபடி, உணவு, செடி, மருந்து எல்லாவற்றுக்கும் படிவத்தில் 'ஆம்' என்று போட்டிருந்தார். சோதனை மேஜையில் ஓர் இளம்பெண் லேகிய டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். நெய் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டாள். அவர் உண்டு என்றார். இலையும் லேகியமும் உள்ளே கொண்டுபோக முடியாது என்று அவள் வருத்தத்தோடு சொன்னாள். குழம்புக் குப்பிகளை மட்டும் திருப்பிக் கொடுத்தாள். ரத்னபாய் ஒரு பகல் முழுக்க அடுப்பருகில் நின்று கிளறியது. ஆனாலும் வாதாட அவருக்கு நேரமில்லை. "டேக், டேக்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினார்.

வெளியே அவர் பெயர் எழுதிய அட்டையோடு ஒரு பெண் நின்றாள். எப்சியோடு வேலை செய்யும் பிரசீதா, பாறசாலைக்குப் பக்கத்தில் தனுவச்சபுரத்துக்காரி.

"அங்கிளே, மோளாணு!" என்று அவள் தூரத்திலிருந்தே கூவினாள். "பொண்ணு. ரெண்டு கிலோ எண்ணூறு. ஏழே காலுக்குப் பெறந்தா. ரெண்டுபேரும் சுகமா இருக்காங்க."

தாசையன் பெட்டியைக் கீழே வைத்தார். "ரெண்டரை மணிக்கூர் பிந்திப்போச்சு" என்றார். அழுகை வந்துவிட்டது. பிரசீதா அவருடைய தோளில் தன் தடித்த கோட்டைப் போர்த்திக் காருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியெல்லாம் புல்லில் உறைபனி வெளுத்துக் கிடந்தது.

எப்சி கட்டிலில் சாய்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, பிந்திப்போனேன் மக்கா என்று தொடங்கினார்.

"என்னத்த பிந்தினிய? கடைசி வரைக்கும் உங்க குரல்தான் காதில உண்டு. நீங்க ஏறின பெறகு சஜன சொல்லச் சொன்னேன். இவரு உதியன்குளங்கரைக்கு முந்தி அமரவிளயச் சொன்னாரு. அந்த வலியிலயும் எனக்குக் கோவமும் தேச்சியமும் வந்துது அப்பா."

"நான் மார்த்தாண்டம் மாமா" என்றான் சஜன் பரிதாபமாக. "எனக்கு அந்த ரூட்டு தெரியாது." அவன் பிள்ளையைக் கொண்டுவந்து அவருடைய கையில் வைத்தான். தாசையனின் இடதுகை தானாகவே கழுத்துக்கு அடியில் போனது. எப்சி அதைக் கவனித்தாள்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். தாசையன் காலையில் எழுந்து பூண்டும் வெந்தயமும் போட்டுக் கஞ்சி வைத்தார். துணி துவைத்து ஹீட்டருக்கு முன்னால் நாற்காலிகளில் விரித்தார். பிள்ளையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது சஜன் வீடியோ எடுத்து ரத்னபாய்க்கு அனுப்பினான். வெள்ளம் காதில் போகிறது, தலையை உயர்த்துங்கள் என்று அவள் அதட்டிக் குரல்பதிவு அனுப்பினாள். எப்சியின் காலுக்கும் முதுகுக்கும் அவர் குழம்பு தேய்த்தார். முதல் நாள் இருவரும் வேறுவேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் நாள் அவள் அப்படியே தூங்கிப்போனாள்.

ஐந்தாம் நாள் பிற்பகல், பிள்ளை பால் குடிக்காமல் கத்தியது. எப்சிக்கும் அழுகை நிற்கவில்லை. பிள்ளை தூங்கிய பிறகும் அவள் அழுதாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. தாசையன் அவளைக் குளியலறையில் ஒரு முக்காலியில் உட்காரவைத்து, தலையைத் தொட்டிப்பக்கம் சாய்க்கச் சொல்லி, சூடு பார்த்துப் பார்த்து வெந்நீர் ஊற்றித் தலையைக் கழுவிவிட்டார். முடியில் சிக்கு நிறைய இருந்தது. ஒவ்வொன்றாக விரலால் பிரித்தார்.

"அம்மா இருந்தா இப்ப என்ன செய்வா அப்பா?"

அவர் யோசித்தார். "ஏசுவா."

"ஆமா" என்றாள் எப்சி. "நல்லா ஏசுவா. நீங்க கொஞ்சம் ஏசுங்களேன்."

"எனக்கு அது வராது மக்கா."

"ஒருதடவ. எனக்காவ."

தாசையன் ஒரு கைத்தறி முண்டு எடுத்து அவள் தலையில் சுற்றி, தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஏட்டி" என்றார். மேற்கொண்டு வரவில்லை. மறுபடி முயன்றார். "ஏட்டி எப்சி, பேறுகாரி தலை ஈரத்தோட… தயவுசெய்து இருக்கப்படாது."

எப்சி வெடித்துச் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதீங்க அப்பா, தையல் இழுக்குது" என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் உள்ளே பிள்ளை விழித்துக் கத்தத் தொடங்கியது.

"நீ இரி" என்று சொல்லிவிட்டு, ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே தாசையன் பிள்ளையை எடுக்கப் போனார்.